திருகோணமலையில் இருந்துகொண்டு, மார்பகப் புற்றுநோய் ஒப்பரேஷனில் நடந்த தவறுக்கு நட்டஈடு வழக்குப் போட முடியுமா?

போடலாம். ஆனால் அம்மாவுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு கை வீங்கிவிட்டது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்பி ஒரு சட்டத்தரணியும் வழக்கை எடுக்கமாட்டார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் சிலருக்குக் கை வீங்கும், ஒழுங்காகச் செய்த ஒப்பரேஷனிலும் வீங்கும். உடனே "டொக்டர்மாருக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று கீழே எழுத நாலு பேர் வருவார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

அக்கா இருப்பது உவர்மலையில். மார்பில் கட்டி என்றதும், இங்கே காட்டினால் ஊர்ச் சனத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டியை எடுத்தார்கள். "சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் திரும்பவும் வந்தது. இந்த முறை புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ, பிறகு முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று.

உடம்பிலிருந்து எடுத்த கட்டியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அது அடிப்படை. அனுப்பினோம், ரிப்போர்ட் தவறிவிட்டது என்றது ஆஸ்பத்திரி. எங்கள் சட்டத்தரணி டயக்னோசிஸ் காட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழைய பில்லைக் கேட்டார். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். கையுறை, சேலைன், பிளாஸ்டர், பஞ்சு. கடைசி வரியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, பஞ்சுக்கே காசு எடுத்திருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் ஆய்வுகூடக் காசு இதில் இல்லாமல் போகுமா?" அக்காவுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அதோடு வழக்கு வென்றது என்று நினைக்காதீர்கள். தவறு நடந்ததைக் காட்டினால் போதாது, அந்தத் தவறால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். வைத்தியர் பிரியானி சொய்சா மீது வழக்குப் போட்ட, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஆர்சகுலரத்னவுக்கு மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாக்கியது. 2001இல் உயர் நீதிமன்றம், வைத்தியரின் கவனக்குறைவுதான் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என வழக்கையே தள்ளிவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் அக்காவின் மார்பகம் தப்பியிருக்கும் என்று சொல்ல எங்களுக்கு ஒரு விசேட வைத்திய நிபுணர் தேவைப்பட்டார். போனில் "அநியாயம்" என்றவர்கள் எல்லாரும், எழுதித் தரச் சொன்னதும் போனையே எடுக்கவில்லை.

கடைசியில், நட்டஈடு கேட்டு எங்கள் சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதி, பொறுப்பை ஏற்காமலே ஒரு தொகை தருகிறோம் என்றது ஆஸ்பத்திரி. அக்கா கையெழுத்து வைத்தார். "காசுக்கு விற்றுவிட்டீர்கள்" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். கீமோ முடித்த உடம்போடு தவணைக்குத் தவணை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வர, சொன்னவர்களில் ஒருவராவது கூட வந்திருப்பாரா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இது தொடர்பாக ஒரு அரச அலுவலகத்துக்குத் தமிழில் முறைப்பாடு எழுதினோம். பதில் முழுக்கச் சிங்களத்தில் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. நாங்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து மொழிபெயர்ப்பித்து வாசித்தால், உள்ளே இருந்தது "உங்கள் கடிதம் கிடைத்தது" என்பதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு அரச ஆஸ்பத்திரியில்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகுதான் அரசுக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்யலாம். அரசோ தனியாரோ, நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருஷம்தான் காலம். அரசு அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மீறல் மனு என்றால் ஒரே ஒரு மாதம், அதுவும் அரச ஆஸ்பத்திரி என்றால் மட்டும். அம்மாவின் சிகிச்சைப் பதிவுகளின் பிரதியை அவர் சம்மதத்தோடு 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஒப்பரேஷன் இங்கே நடந்திருந்தால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், எங்களைப் போல அலையத் தேவையில்லை.

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மாவின் கைக்கு முதலில் பிசியோதெரபி கேளுங்கள். விட்டால் வீக்கம் இறுகிவிடும். ஒப்பரேஷன் நடந்த திகதியையும், கட்டியின் ஆய்வுகூட ரிப்போர்ட் கையில் இருக்கிறதா என்பதையும் இங்கே எழுதுங்கள். இரண்டு வருஷத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தான் மேலே சொல்லலாம்.