படலையைத் தாண்டும் முன் காசு: காணி மரம் விற்க எழுதும் ஒப்பந்தம்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் உறுதிக் காணியில் அப்பா நட்ட 14 தேக்கு, 6 வேம்பு, ஒரு முதிரை நிற்கின்றன. அப்பா தவறிவிட்டார், அண்ணா கனடாவில். ஒரு வியாபாரி எல்லாவற்றுக்கும் ஒரே விலை பேசி, ஐம்பதாயிரம் முற்பணம் தருகிறேன் என்கிறார். எழுத்தில் என்னென்ன போட வேண்டும்?"

முதலில், அந்த முற்பணத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விலையில் ஒரு பகுதி கைமாறிவிட்டால் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாக நிற்கலாம். பிறகு என்ன பேசினோம் என்பதற்கு அவர் வாயும் உங்கள் வாயும்தான் சாட்சி.

மரண சாசனம் இல்லையென்றால் மரங்களில் வாரிசுகள் எல்லோருக்கும் பங்குண்டு. அண்ணாவிடமிருந்து அற்றோணித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) எடுங்கள். உறுதிக் காணி என்பது உங்களுக்கு வசதி. பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) வைத்திருப்பவர்கள் பிரதேச செயலகத்தில் கேட்காமல் மரத்தில் கை வைக்கவே கூடாது.

இனி மரத்துக்கு வருவோம். "காணியில் உள்ள மரங்கள்" என்று எழுதினால், எல்லையில் நிற்கும் அயலவரின் வேம்பும் சேர்ந்து போய்விடும். வியாபாரியையும் கூட்டிக்கொண்டு காணியைச் சுற்றுங்கள். ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் பெயின்ரால் இலக்கம் போடுங்கள். அதே இலக்கத்தை அடியிலும், வேருக்குச் சற்று மேலே போடுங்கள். மரம் தறித்த பிறகு அடிக்கட்டையில் இலக்கம் மிஞ்சும், எது போனது என்று எண்ணிப் பார்க்கலாம். இலக்கம், இனம், சுற்றளவு மூன்றையும் ஒப்பந்தத்தில் ஒரு அட்டவணையாக எழுதுங்கள்.

மொத்த விலையைவிடக் கன அடி விலை எனக்குப் பிடிக்கும். ஆனால் எந்த முறையில் அளப்பது என்பதை எழுத வேண்டும். மரக்காலைகளில் சுற்றளவை நான்கால் வகுத்துப் பெருக்கும் கணக்கு இருக்கிறது. 60 அங்குலச் சுற்றளவு, 12 அடி நீளக் குற்றி என்றால் நான்கில் ஒன்று 15, அதன் வர்க்கம் 225, அதை 12ஆல் பெருக்கி 144ஆல் வகுத்தால் 18.75 கன அடி. முழு உருளையாகக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 23.9 வரும். இந்த இடைவெளி தெரிந்து விலை பேசுங்கள். டேப்பைப் பட்டையின் மேல் பிடிப்பதா, பட்டை உரித்துப் பிடிப்பதா என்பதையும் எழுதுங்கள்.

எங்கள் மண்ணில் இன்னொரு வரி கட்டாயம். சண்டைக்கு முன்பே நின்ற மரமென்றால் உள்ளே ஷெல் துண்டு இருக்கலாம். பட்டை மூடி வளர்ந்துவிடுவதால் வெளியே ஒரு வடுக்கூடத் தெரியாமல் போகலாம். மில்லில் வாள் உடைந்த பிறகு வியாபாரி உங்கள் வாசலில் வந்து நிற்பார். தெரிந்த காயங்களை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்புறம், "மரங்களை நேரில் பார்த்தேன். உள்ளே இரும்போ கோறையோ உக்கலோ இருந்தாலும் விலை குறைக்கக் கேட்கமாட்டேன்" என்று அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

முதிரையைக் கொண்டு போக வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தேக்குக்கும் வேம்புக்கும் என்ன தேவை என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுவிடுங்கள். (பலா, ஈரப்பலா, பெண் பனை நின்றால் மரம் தறிப்பதைக் கட்டுப்படுத்தும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் குறுக்கே வரும்.) அனுமதி எடுப்பது யார், செலவு யாருடையது, கிடைக்காவிட்டால் முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதுங்கள். வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் பெயரில் எடுத்த அனுமதியில் காட்டு முதிரையும் ஏறிப்போனால் விசாரணை உங்களிடம்தான் வரும். அனுமதியின் பிரதியும், ஏற்றிய குற்றிகளின் எண்ணிக்கையும் உங்கள் கையில் இருக்கட்டும்.

காசு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு லோடும் அளந்து, அதற்குரிய பணம் வந்த பிறகுதான் படலையைத் தாண்ட வேண்டும். வேலை முடிக்கும் திகதி, வேலியோ கிணற்றுக்கட்டோ உடைந்தால் யார் திருத்துவது, கிளைகளும் விறகும் யாருக்கு என்பதெல்லாம் ஒவ்வொரு வரி போதும். வியாபாரி சிங்களம் மட்டும் தெரிந்தவரென்றால் இரண்டு மொழியிலும் எழுதி, நீங்கள் தமிழ்ப் பிரதியை வாசித்த பிறகு இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வையுங்கள். முற்பணத்தை அன்றைக்கே, அந்தத் தாளிலேயே எழுதி வாங்கலாம்.