முகம் முழுசு, உடை பாதி

கேள்வி: நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கோட்டோவியங்களில் சீமாட்டிகளின் முகம் அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது, உடையோ நாலு கோட்டில் முடிந்துவிடுகிறது. இது சோம்பலா, உத்தியா? நானும் வரைகிறேன், உடையை எவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்தாலும் அந்த நளினம் வரவில்லை.

பதில்: உத்திதான். உடையைப் பார்த்துப் பார்த்து வரைகிறீர்களே, சிக்கல் அங்கேதான். நீங்கள் பார்த்தவற்றில் பால் செசார் எல்லூவின் (1859–1927) படங்கள் கட்டாயம் இருக்கும். அவர் வைர முனை வைத்த கோலால் செம்புத் தகட்டில் நேரடியாகக் கீறி, மை பூசிக் காகிதத்தில் அச்செடுப்பார், கோட்டை அரிக்க அமிலம் எதுவும் கிடையாது. கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும், மை அந்தப் பிசிறில் தங்குவதால் அச்சில் கோடு வெல்வெட் மாதிரி மெத்தென்று விழும். அவர் படங்களில் கூந்தலும் தொப்பி இறகும் அத்தனை மிருதுவாகத் தெரிவது இதனால்தான். பிரதி எடுக்க எடுக்கப் பிசிறு நசுங்கிப்போகும், ஆகவே முதலில் எடுத்த பிரதிகளுக்குத்தான் மவுசு. தப்பாகக் கீறினால் சுலபமாக அழிக்கவும் முடியாது. அதனால் எங்கே கீற வேண்டாம் என்பதை முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும், உடை பெரும்பாலும் வெறும் காகிதமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவருக்கு முன்பே பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், 1806 முதல் 1820 வரை ரோமில் இருந்தபோது, இதைப் பென்சிலிலேயே செய்தார். முகத்துக்கு மட்டும் மெல்லிய நிழல், சட்டைக்கும் சால்வைக்கும் ஓடும் கோடு. பிழைப்புக்காக வரைந்தவை, வரலாற்று ஓவியன் என்று பெயர் வாங்கத்தான் அவருக்கு ஆசை. எனக்கென்னவோ அவருடைய பெரிய படங்கள் பலவற்றைவிட இந்தச் சின்னத் தாள்கள்தான் பிடிக்கும்.

கேள்வி: காசு கொடுத்தவர்களை அழகாகக் காட்டியதுதானே இதெல்லாம்?

பதில்: கொஞ்சம் அப்படித்தான். இத்தாலிய ஓவியர் போல்தினி கழுத்தையும் விரல்களையும் இழுத்து நீட்டிவிடுவார். ஆனால் எல்லூ விடாமல் வரைந்தது தன் மனைவி ஆலிஸை. அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் 1907 வாக்கில் தைலவண்ண உருவப்படங்கள் அலுத்துப்போய்க் கரிக்கோலுக்கு மாறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு முகத்தை முடித்தார், அதில் முகஸ்துதிக்கு எங்கே நேரம்?

சரி, முதல் கேள்விக்காரருக்கு இன்னொன்று. படத்தில் ஆகக் கறுப்பான இடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும், தொப்பியோ கொண்டையோ, ஆனால் முகத்தை ஒட்டி. அப்புறம் கீழே போகப் போகக் கோட்டைக் குறைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.