சம்பூரும் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது

வணக்கம் ஐயா,

மூதூரில் ஆசிரியையாக இருக்கிறேன். இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். விசேட பொருளாதார வலயங்கள், அதாவது முதலீட்டாளருக்குச் சலுகைகள் தந்து தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கும் இடங்கள், பற்றிய ஆண்டுகள், நன்மைகள், தீமைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது. இதை எப்படிப் படிப்பது?

ஒரு வாசகி, மூதூர்

அன்புள்ள தங்கைக்கு,

குறிப்புக் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சட்டத்தையே எடுத்து வாசியுங்கள். 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம்தான், இந்த வலயங்களை நடத்தும் இன்றைய முதலீட்டுச் சபைக்கு அடித்தளம். 16ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனம் நாட்டின் வழமையான சட்டங்களுக்கு உட்பட்டே நடக்கும். 17ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தம் செய்தால் சுங்கம் முதலிய சட்டங்களிலிருந்து விலக்குப் பெறலாம். வலயக் கொள்கையின் உயிர்நாடி இந்த விலக்குதான். அரசு வரியை விட்டுக்கொடுக்கிறது. வேலையும் ஏற்றுமதி வருமானமும் வரும் என்று கணக்குப் போடுகிறது. கட்டுநாயக்க வலயத்தில் வேலை வந்தது. கிராமத்துப் பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். சிறிய வாடகை அறையில் பலராக நெருங்கிப் படுத்து எழுந்ததும் அவர்கள்தான். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதிப் பாருங்கள், பக்கம் தானாக நிறையும்.

அடுத்தது காணி. குறிப்புகள் இதைத் தொட்டும் தொடாமலும் போய்விடுகின்றன. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். 2006இல் போரினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் இன்னும் ஊர் திரும்பாத நிலையில், 2012இல் அங்கே 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அந்த அறிவித்தலை ரத்துச் செய்த பிறகே காணிகளை விடுவிக்க வழி பிறந்தது. உங்களுக்கு இது பக்கத்து ஊர்க் கதை. விடைத்தாளில் தயங்காமல் எழுதுங்கள்.

முதலீடு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. இத்தனை ஆழமான இயற்கைத் துறைமுகம் வைத்திருக்கும் திருகோணமலைக்குத் தொழிற்சாலைகள் வரத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் தேர்ச்சி பெற்று உதவிப் பிரதேச செயலாளராக உட்காரும்போது, காணிப் பிணக்கோடு வருகிற முதியவர் உங்கள் மேசைக்கு முன்னால்தான் நிற்பார்.

ஒரு பயிற்சி தருகிறேன். சம்பூரில் வலயம் வேண்டும் என்று ஒரு பக்கம், காணிக்காரர் சார்பில் ஒரு பக்கம், அதிகாரியாக உங்கள் முடிவு ஒரு பக்கம். எழுதி அனுப்புங்கள். வாசித்து, திருத்தங்களோடு திருப்பி அனுப்புகிறேன்.