பிஸ்கட் பொதி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தெருவில் வாழும் பிள்ளைகளுக்காக நிதி சேர்க்க, எங்கள் கழகம் வழிகாட்டியோடு ஒரு நடை ஒழுங்கு செய்கிறது. டெல்லியில் நடப்பதைப் பார்த்துத்தான் யோசித்தோம். பஸ் நிலையத்தில் தொடங்கி, சந்தை, டச்சுக்குடா வழியாகக் கோட்டை வாசலில் முடிக்கலாமா, வேறு பாதை நல்லதா? ஆளுக்கு 1000 ரூபா, 40 பேர். முடிவில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பொதி கொடுப்போம்.

ச., திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

இதை யோசிக்க ஊரில் நாலு பேர் இருப்பதே ஆறுதல். பாதை எதுவானாலும் பரவாயில்லை. கோட்டை வாசலில் மட்டும் முடிக்காதீர்கள், அங்கே திரியும் மான்களைப் பார்க்கக் கலைந்துவிடுவார்கள். 40 பேர் போனால் அது ஊர்வலம். எட்டுப் பேர் போதும், முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர். படம் எடுக்காதபடி, வருபவர்களின் கைபேசிகளை நடை தொடங்கும் இடத்திலேயே வாங்கி வையுங்கள்.

டெல்லியில் தெருப் பிள்ளைகளுக்காக 1988இல் தொடங்கிய சலாம் பாலக் அறக்கட்டளையின் நடையில், தெருவில் வளர்ந்து பின் பயிற்சி பெற்ற இளைஞர்களே பகார்கஞ்ச் சந்துகளில் கூட்டிப் போகிறார்கள். உங்கள் கடிதத்தில் வழிகாட்டி யாரென்றே இல்லை! அப்படித் தெருவில் வளர்ந்த, 18 வயது தாண்டிய ஒருவரைப் பிடியுங்கள். விரும்பாத கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை என்று நடக்க முதலே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி பிஸ்கட். அதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது? 30 பொதி கொண்டுபோனால் 45 பிள்ளைகள் நிற்பார்கள். பெரியவன் சின்னவனிடம் பறிப்பான். பிரிக்காத பொதி பின்னேரமே பக்கத்துக் கடைக்குப் பாதி விலைக்குத் திரும்பும். அதைவிட மோசம் அடுத்த கிழமை. நீங்கள் பத்து மணிக்கு வருவீர்களென்று எட்டு மணியிலிருந்தே காத்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்குத்தான் விடும். அரைகுறையாகப் போய்வந்த பிள்ளையையும் நீங்களே மறித்து வைக்கிறீர்கள். ஞாயிறு வைத்தால் அறநெறி வகுப்பு போய்விடும். கையில் ஒன்றுமில்லாமல் போகிறீர்களென்றால் பள்ளி நேரம்தான் மிக நல்ல நேரம். பிள்ளைகள் குறைவாக இருப்பார்கள்; வந்தவர்கள் அவர்களை வேடிக்கை பார்க்காமல், படுக்கும் கடை விறாந்தையையும் தண்ணீர் பிடிக்கும் குழாயையும் பார்ப்பார்கள். பிஸ்கட் இருந்தால் அதே நேரம் மிகக் கெட்ட நேரம். பால்மா, கொப்பி, பத்து ரூபாக் குற்றி எதற்கும் இதே கதைதான்.

காசை எங்கே போடுவது? பிறப்புச் சான்றிதழில். தெருவில் காணும் பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருக்கிறாள், பத்திரம்தான் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது இழுபடும். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடி இடிக்கும். பிறந்து மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவு, கிளினிக் அட்டை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் என்று அலைய வேண்டும். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். உங்கள் ஊரின் ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போய் முடியாது. இரண்டாந்தரம் வரச் சொன்னதும் தாய் நின்றுவிடுவாள், ஏனென்றால் அன்றைய கூலி போகிறது. அந்தக் கூலியையும் ஓட்டோக் காசையும் கொடுங்கள், கூடவே ஒருவர் போங்கள். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். நடைக்கு முதல் அவரைச் சந்தியுங்கள்.

வழியில் ஒரு பிள்ளைக்கு அடி விழுவதையோ அதைவிட மோசமானதையோ கண்டால் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை எடுக்கும்.

டீசேட் அடிக்கக் கொடுத்திருந்தால் நிறுத்துங்கள். வழிகாட்டியின் சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள்.