போட்டோஷாப் சந்தா ஏறிவிட்டது: கட்டுவதா, விடுவதா?

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அடோபியின் எல்லா மென்பொருளும் அடங்கிய சந்தாவுக்கு மாதாமாதம் கார்டிலிருந்து பணம் போகிறது. அடுத்த புதுப்பித்தலிலிருந்து தொகை கூடும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்கு போட்டோஷாப், லைட்ரூம் கிளாசிக் இரண்டும் தினமும் வேண்டும். காணொளி தொகுக்கும் பிரீமியர் எப்போதாவதுதான். சந்தாவை நிறுத்திவிட்டு இலவச மென்பொருளுக்குப் போய்விடலாமா?

பதில்: முழுவதும் நிறுத்தினாலும் உங்களுக்கு நஷ்டம், இதே திட்டத்தில் நீடித்தாலும் நஷ்டம். நீங்கள் சொல்லும் வேலைக்கு போட்டோகிராபி திட்டமே போதும். போட்டோஷாப், லைட்ரூம், லைட்ரூம் கிளாசிக் மூன்றும் அதில் உண்டு, விலையும் முழுத் தொகுப்பைவிட மிகக் குறைவு. அமெரிக்க விலையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2025 ஜூனில் வட அமெரிக்காவில் முழுத் தொகுப்புக்கு ‘புரோ’ என்று பெயர் வைத்து, மாதம் 59.99 டாலரிலிருந்து 69.99 டாலருக்கு ஏற்றினார்கள். 1 டிபி சேமிப்பிடத்துடன் போட்டோகிராபி திட்டம் 19.99 டாலர்தான். ஏற்றிய விலைக்குப் பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏஐ வசதிகள். முகூர்த்தப் படத்தில் நிறம் திருத்துகிறவருக்கு அவை அவ்வளவாக உதவாது.

எதையும் மாற்றுவதற்கு முன் உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். அடோபி கணக்கில் நுழைந்து ‘திட்டங்கள்’ பகுதியைத் திறந்தால் தெரியும். வகை மூன்று: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மாதச் சந்தா, ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுவது, ஆண்டுத் தொகையை மொத்தமாக முன்பணமாகக் கட்டுவது. மாதாமாதம் பணம் போவதால் தம்முடையது முதல் வகை என்றே பலரும் நினைக்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். அதை முதல் 14 நாளுக்குப் பிறகு நடுவில் நிறுத்தினால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியை ஒரே தடவையாகப் பிடிப்பார்கள். மாதம் 2,000 ரூபாய், இன்னும் 5 மாதம் பாக்கி என்று வைத்துக்கொண்டால் மீதி 10,000, பிடிப்பது 5,000. இந்தக் கட்டணத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்றுதான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குப் போட்டது.

உங்களிடம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரத்து செய்யும் பக்கமே காட்டும். கடைசி உறுதிப் பொத்தானை அழுத்தாதவரை எதுவும் ஆகாது, தைரியமாகப் போய்ப் பார்க்கலாம். பல நேரம் அந்தப் பக்கத்திலேயே ‘சில மாதம் சலுகை விலை’ என்று ஒன்று நீட்டுவார்கள். அதை ஏற்பதற்கு முன், புதிதாக ஓராண்டு ஒப்பந்தம் தொடங்குகிறதா, சலுகை முடிந்தபின் விலை என்ன என்று இரண்டையும் படித்துவிடுங்கள். புதுப்பிப்புத் தேதிக்கு 20 நாள் முன்பாக போனில் ஒரு நினைவூட்டல் வைத்து, கடைசி மாதத்தில் திட்டத்தை மாற்றுவது பாதுகாப்பான வழி.

பேங்கில் கார்டின் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அந்த அனுமதியை நீங்கள் ரத்து செய்யவும் முடியும். ஆனால் அதனால் பணம் போவது மட்டும்தான் நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. அடோபி கணக்கில் பாக்கி அப்படியே இருக்கும், மென்பொருளும் சீசன் நடுவில் பூட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே 20 ஜிபி போட்டோகிராபி திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரி 15 முதல் அதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை. கோபத்தில் விட்டுவிட்டால் திரும்ப அந்த விலைக்குள் நுழைய முடியாது. அப்போது அமெரிக்காவில் மாதத் தவணைக்காரர்களுக்கு 9.99 டாலர் 14.99 ஆனது, ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டியவர்களுக்கு ஏறவில்லை. கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டுவது லாபம். ஆனால் 14 நாள் தாண்டி நிறுத்தினால் மொத்தமாகக் கட்டியதில் ஒரு ரூபாயும் திரும்பாது.

இப்போது இலவச மென்பொருள் விஷயம். பணத்தை விடுங்கள், நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 40 ஷீட் ஆல்பத்தில் ஷீட்டுக்குப் 10 நிமிடம் கூடினால் 400 நிமிடம், ஏறக்குறைய ஒரு முழு வேலைநாள். மாதம் மூன்று கல்யாணம் எடுப்பவருக்கு மூன்று நாள் போய்விடும். நேரம் கூடுவதற்குக் காரணம் புதிய மென்பொருள் மோசம் என்பதல்ல, உங்கள் பழைய சரக்கு. விலைக்கு வாங்கிச் சேர்த்த பிஎஸ்டி (போட்டோஷாப் கோப்பு) டெம்ப்ளேட்டுகளை கிம்ப், போட்டோபியா, அஃபினிட்டி என்ற மாற்று மென்பொருள் மூன்றுமே திறக்கும். அஃபினிட்டி 2025 அக்டோபரிலிருந்து இலவசம், கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (படம் மாற்றிப் போடும் அடுக்கு), லேயர் ஸ்டைல் (நிழல், ஓரம் போன்ற அலங்காரம்) போன்றவை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வரும். ஒரே சொடுக்கில் ஓடும்படி நீங்கள் பதிந்து வைத்த ஆக்‌ஷன்கள் பெரும்பாலும் ஓடவே ஓடாது.

தமிழ் எழுத்தையும் சோதித்துப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்தவை, எதில் போட்டாலும் சரியாகவே தெரியும். யூனிகோட் அப்படியல்ல. மென்பொருளே கொம்பைத் தூக்கி முன்னால் வைத்தாக வேண்டும். ‘கொடுக்கும்’, ‘கோவில்’, ‘ஸ்ரீ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருள் அழைப்பிதழுக்கு உதவாது. கிம்ப் இதில் சரியாகவே செய்கிறது.

ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்கு நீங்கள் எதில் செய்தீர்கள் என்ற கவலை இல்லை. 12க்கு 36 அங்குல ஷீட் என்றால் 300 டிபிஐயில் 10,800க்கு 3,600 பிக்சல், எஸ்ஆர்ஜிபி ஜேபெக். இதை எந்த மென்பொருளும் கொடுக்கும். பிளெக்ஸ், ஆப்செட் அச்சகங்கள் சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நிறமுறை) கேட்டால்தான் கிம்ப் தடுமாறும்.

லைட்ரூமை என்றாவது விடுவதாக இருந்தால் கொஞ்சம் தயாரிப்பு தேவை. நீங்கள் செய்த திருத்தம் படத்தில் இல்லை, கேட்டலாக் கோப்பில் குறிப்பாக இருக்கிறது. சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். டெவலப் (திருத்தும் பகுதி), மேப் (வரைபடப் பகுதி) இரண்டும்தான் பூட்டப்படும். லைட்ரூமுக்கு இலவச மாற்றான டார்க்டேபிளுக்கு மாறினால் நட்சத்திரக் குறியும் குறிச்சொல்லும் வரும், நிறத் திருத்தம் பெரும்பாலும் வராது. அதனால் சந்தா இருக்கும்போதே எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள், திருத்தக் குறிப்பு படத்தோடு சேர்ந்து எழுதப்படும். வாடிக்கையாளர் திரும்பக் கேட்கக்கூடிய படங்களை மட்டும் 16 பிட் டிஃப்பாக (தரம் குறையாத கோப்பு வகை) எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் டிஃப்பாக எடுத்தால் வட்டு தாங்காது. கிளவுடில் இருப்பதையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பிரீமியருக்குப் பதில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உங்களுக்குப் போதும். ஒரே ஒரு சோதனை: உங்கள் கேமராவின் 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகமுள்ள வகை) காணொளி ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் இலவசப் பதிப்பு தகராறு செய்யும் இடம் அதுதான்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அடோபி கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்துவிடுங்கள். மென்பொருளுக்கு வரி 18 சதவீதம். பில்லில் எண் இல்லாவிட்டால் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. பல ஸ்டுடியோக்கள் விலையேற்றத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இதை விட்டுவிடுகின்றன.

கிராக் பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்குப் பயன்படுத்தாதவருக்குத்தான் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு வழி உண்டு. கடைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.