கேள்வி பதில்: நாளிதழின் பணம் எங்கே போனது?

கேள்வி: இணையத்தில் செய்தி இலவசமாகக் கிடைப்பதால்தானே நாளிதழ்கள் நலிந்துபோயின?

பதில்: அது பாதிக் காரணம்தான். கடையில் நீங்கள் கொடுக்கும் விலை பெரும்பாலும் காகிதம், அச்சு, விநியோகச் செலவுக்கே போதாது. நிருபரின் சம்பளத்தைச் சுமந்தது விளம்பரம். அதிலும் வீடு, வேலை, பழைய வாகனம் என்று பொடி எழுத்தில் வரும் வரி விளம்பரம் சத்தமில்லாமல் பணம் கொண்டுவந்தது. வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் ‘2 படுக்கை, முதல் மாடி, உடன் குடியேறலாம்’ என்று சொல்லைச் சுருக்கித்தான் எழுதுவார்கள்.

1995ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், இதே விளம்பரத்தைப் பெரும்பாலும் காசில்லாமல் போட வழி செய்தது. படம் சேர்க்கலாம், வாடகையை வைத்துத் தேடலாம், ஆள் வந்ததும் எடுத்துவிடலாம். அச்சேறிய விளம்பரத்தில் ஓர் எண் தவறினால்கூட மறுநாள்தான் திருத்த முடியும். பிறகு கடைகள், நிறுவனங்களின் விளம்பரங்களும் கூகுள், ஃபேஸ்புக் பக்கம் சாய்ந்தன. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய் 2005ல் சுமார் 4,900 கோடி டாலர். 2020ல் 1,000 கோடிக்கும் கீழே. அந்த ஆண்டுதான் அங்கே முதன்முறையாக விளம்பரப் பணத்தை வாசகர் கொடுத்த பணம் முந்தியது. வாசகர் பணம் பெருகிவிடவில்லை. விளம்பரம் அவ்வளவு இறங்கிவிட்டது.

கேள்வி: இணையதளத்துக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்களே, அந்த விளம்பரம் போதாதா?

பதில்: போதாது. அச்சுப் பக்கத்தில் இடம் குறைவு, அதனால் விலை உண்டு. இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பக்கம் திறக்கும் கண நேரத்தில் அந்த விளம்பர இடத்துக்குக் கணினிகளுக்குள் ஏலம் நடந்து, விளம்பரதாரருக்கும் இதழுக்கும் நடுவே நாலைந்து இடைத்தரகர்கள் கமிஷன் எடுக்கிறார்கள். பிரிட்டன் விளம்பரதாரர் சங்கத்துக்காக பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் நடத்தி 2020ல் வெளியான ஆய்வில், விளம்பரதாரர் செலவிட்டதில் 51 சதவீதம்தான் இதழ்களைச் சேர்ந்தது. 15 சதவீதம் யாரிடம் போனதென்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

நட்டத்தை ஈடுகட்ட இதழ்கள் விளம்பரக் கட்டங்களைக் கூட்டுகின்றன. பக்கம் மெதுவாகிறது, படிக்கும்போதே வரிகள் கீழே குதிக்கின்றன, விரல் தவறி விளம்பரத்தில் படுகிறது, வாசகர் வெளியேறிவிடுகிறார். நீங்கள் இதழ் நடத்துபவர் என்றால், கட்டங்களைக் குறைத்து, விளம்பரம் வரும் இடத்துக்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், குதிப்பது நின்றுவிடும். ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பையும் கவனியுங்கள். உங்கள் இடத்தை விற்க யாருக்கு உரிமை என்று சொல்லும் இந்தக் கோப்பு தளத்தின் வேர் முகவரியில், அதாவது தளப் பெயருக்கு அடுத்தபடியாக, இருக்க வேண்டும். ஒரு வரியில் கணக்கு எண் பிசகினாலும் அந்த நிறுவனத்தின் வழியே வரும் ஏலங்கள் நின்றுபோகும். நம் தளம் பழுதில்லாமல் ஓடுவதால் அது யார் கண்ணிலும் படாது.

கேள்வி: ‘இந்த மாத இலவசக் கட்டுரைகள் முடிந்தன’ என்று சொல்லும் தளம், இன்காக்னிட்டோவில் மறுபடி திறக்கிறதே, எப்படி?

பதில்: எத்தனை படித்தீர்கள் என்ற எண்ணிக்கை, தளம் உங்கள் உலாவியில் எழுதி வைக்கும் குக்கீ என்ற சிறு குறிப்பில் இருக்கிறது. இன்காக்னிட்டோ என்ற மறைமுக உலாவலில் பழைய குக்கீ கிடையாது, கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது. நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது மாதம் 20 கட்டுரைகள் இலவசம்; மறு ஆண்டே 10 ஆக்கியது. எட்டிப் பார்ப்பவரை விரட்டாமல், தினமும் வருபவரிடம் மட்டும் பணம் கேட்பதுதான் நோக்கம் என்பதால் சிறு ஓட்டைகளை அனுமதித்தார்கள்.

முழுக்கட்டுரையையும் அனுப்பிவிட்டு மேலே திரை போட்டு மறைக்கும் தளங்களும் உண்டு. அந்தத் திரையை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலாவியில் அணைத்தால் திரை விலகிவிடும். முதல் இரண்டு பத்தியை மட்டும் சர்வரிலிருந்து அனுப்பி, சந்தா உறுதியான பின் மீதியைத் தருவதே சரி.

சந்தா விஷயத்தில் இன்னொன்று. சந்தாதாரர்கள் எல்லோரும் வெறுத்து விலகுவதில்லை. கார்டு காலாவதியாகிப் பணம் கழியாமலேயே பலர் உதிர்கிறார்கள். காலாவதிக்கு முன்பே ஒரு நினைவூட்டல், கழியாவிட்டால் சில நாள் இடைவெளியில் மறுமுயற்சி, அதுவரை படிக்க அனுமதி: இந்த மூன்றையும் செய்யாமல் புதுச் சந்தாவுக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

கேள்வி: அச்சை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் நடத்தினால் மிச்சம்தானே?

பதில்: மிச்சம் உண்மை, இழப்பும் உண்மை. ஒரு வண்ணப் பக்கத்துக்கு நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். 1,000 பிரதி அடித்தாலும் லட்சம் அடித்தாலும் அந்த நான்குதான். இயந்திரம் ஓடத் தொடங்கி, மையும் நீரும் சமநிலைக்கு வந்து, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காரும்வரை வரும் தாளெல்லாம் கழிவு. விற்பனை குறைந்தாலும் இந்தச் செலவு குறையாது. பிரதிக்கான அடக்கவிலை ஏறும்.

லண்டனின் தி இன்டிபென்டன்ட் 2016 மார்ச்சில் அச்சை விட்டது. செலவு இறங்கி லாபம் வந்தது. ஆனால் பிரிட்டனில் அந்த இதழோடு வாசகர்கள் செலவிட்ட மொத்த நேரம் 81 சதவீதம் சரிந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அச்சுப் பிரதி வாங்கியவர் அதை நிதானமாகப் புரட்டினார்; இணையத்தில் வருபவர் ஒரு செய்தியோடு போய்விடுகிறார். அதனால் எல்லா நாளையும் ஒரேயடியாக நிறுத்தாமல், விளம்பரம் குறைந்த நாள்களின் அச்சை முதலில் விட்டு, வார இறுதிப் பதிப்பைக் காப்பாற்றுவதே எங்கள் பரிந்துரை.

கேள்வி: ஏஐ நிறுவனங்கள் நம் செய்தியை எடுப்பதைத் தடுக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். தளத்துக்கு வரும் பாட்களுக்கு (பக்கங்களைத் தானாக எடுக்கும் நிரல்களுக்கு) எது கூடும், எது கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி (robots.txt) கோப்பில், ஓப்பன்ஏஐயின் ஜிபிடிபாட் போன்றவற்றுக்கு அனுமதி மறுக்கலாம். ஆனால் அது வேண்டுகோள், பூட்டு அல்ல; மதிக்காத பாட்டை சர்வரில்தான் தடுக்க வேண்டும். கூகுளின் ஏஐ பயிற்சிக்கு எடுப்பதை மறுக்க உதவும் கூகுள்-எக்ஸ்டென்டட் என்பதை மறுத்தாலும், தேடல் முடிவுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கம் நிற்காது. அது தேடலுக்காகப் பக்கங்களை எடுக்கும் வழக்கமான கூகுள்பாட் எடுத்ததிலிருந்தே உருவாகிறது. கூகுள்பாட்டையே தடுத்தால் தேடலிலிருந்தே மறைந்துபோவீர்கள், அதைச் செய்யாதீர்கள்.