கல்யாணத்துக்கு வாங்கிய கில்ட்டோடு மலை ஏறலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவரின் கல்யாணத்துக்காக இங்கே ஆண்கள் உடுத்தும், கொசுவம் வைத்த முழங்கால் அளவுப் பாவாடையான கில்ட் ஒன்று, எட்டு கஜக் கம்பளியில் வாங்கினேன். ஒரே நாள் போட்டேன், இப்போது அலமாரியில் தொங்குகிறது. சாதாரண நாளில் கடைகண்ணிக்கும், வார இறுதியில் மலைக்கும் இதைப் போட்டுப் போகலாமா? நான் ஸ்காட்லாந்துக்காரன் இல்லையே, யாராவது தப்பாக நினைப்பார்களா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தப்பாக நினைக்க மாட்டார்கள். "எந்தக் குலத்து டார்டன்?" என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி கேட்கலாம், அவ்வளவுதான். கட்டம் போட்ட டார்டன் துணியை இன்னார்தான் உடுத்தலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு என்று ஒதுங்கி நிற்கிறது. பிளாக் வாட்ச் போன்ற கரும்பச்சை, நீலக் கட்டங்களை யார் வேண்டுமானாலும் போடலாம். கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்து அணிக்குக் கால்பந்து ஆட்டம் இருக்கும் நாளில் போய்ப் பாருங்கள். கில்ட்டுக்கு மேலே கால்பந்துச் சட்டை, காலில் பழைய பூட்ஸ், கையில் பொட்டலம் என்று ஊரே நடந்துபோகும்.

மலை விஷயத்துக்கு வருவோம். கில்ட் பிறந்ததே வெளியில் கிடக்கும் ஆட்களுக்காகத்தான். பழைய பெரிய கில்ட் ஒரே நீளத் துணி. பகலில் இடுப்பில் கொசுவி பெல்ட் கட்டி, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். ராத்திரி அதுவே போர்வை. 1746-ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து ஆண்கள் இதை உடுத்தக் கூடாது என்று தடுத்தது. 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வரவேற்பில் அது விழா உடையாக மினுக்கப்பட்டது. நீங்கள் கல்யாணத்தில் போட்டது இந்த மினுக்கல் பாதியைத்தான்.

ஆகவே அந்தப் பாதியைக் கழற்றி வையுங்கள். வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டைக் கோட்டு, இடுப்பின் முன்னால் தொங்கும் ரோமம் வைத்த சின்னப் பையான ஸ்போரன், கணுக்காலில் நாடா சுற்றும் ஷூ, எதுவும் வேண்டாம். கம்பளி ஸ்வெட்டரோ டி-ஷர்ட்டோ போதும். கடைக்குப் போக சாதாரணத் தோல் ஸ்போரன் போதும், பாக்கெட் இல்லாத உடைக்கு அதுதான் பாக்கெட். மலைக்கு அதுவும் வேண்டாம். ஏறும்போது தொடையில் இடித்துக்கொண்டே வரும்.

காலுறையில் செருகும் சின்னக் கத்தி, ஸ்கீன் டூ, இதில் மட்டும் கவனம். தேசிய உடையின் பகுதியாக அணிந்திருந்தால் 1995 ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் குற்றவியல் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். பால் பாக்கெட் வாங்கப் போகும் இடத்தில் ஒரு போலீஸ்காரரிடம் வாதாட வேண்டுமா? வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது.

புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் தப்பு, ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் தொங்கவிடுவது. வேட்டி கட்டும் உயரத்தில், தொப்புளை ஒட்டிக் கட்டுங்கள். முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மடிப்பு வரும். மேல்மடிப்பின் திறந்த ஓரம் உங்கள் வலது பக்கம் வர வேண்டும். அப்புறம் தரையில் முழங்காலிட்டுப் பாருங்கள். கீழ் விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நின்றால் அளவு சரி. கில்ட் ஊக்கை மேல்மடிப்பில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் முதல் வேலியைத் தாண்டும்போதே துணி கிழியும். உட்காரும்போது இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொசுவத்தைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு உட்காருங்கள். நான்கு நாளில் கை தானாகப் பழகிவிடும்.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். கனமான அகலக் கில்ட் துணி கஜத்துக்கு 16 அவுன்ஸ். அதில் நான்கு கஜம் எடுத்து நீளவாக்கில் இரண்டாக வெட்டினால்தான் உங்கள் எட்டு கஜம். அதாவது 64 அவுன்ஸ், ஏறக்குறைய 1.8 கிலோ. கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதனால் தூறலில் நன்றாகத் தாங்கும். நாள் முழுக்கக் கொட்டும் மழை வேறு கதை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேறு ஒட்டிக் காய்ந்த விளிம்பு கில்ட் போட்ட ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) சிப்பாய்களின் முழங்கால் பின்பக்கத்தை அறுத்தது. எனக்கும் கெய்ர்ன்கார்ம் மலைப் பக்கம் ஆறு மணி நேர மழையில் அதே இடம் சிவந்து எரிந்தது. இப்போது கிளம்பும் முன்பே அங்கே வாசலைன் தடவிக்கொள்கிறேன். அடிக்கடி மலைக்குப் போவதென்றால் ஐந்து கஜத்தில், 13 அவுன்ஸ் துணியில் இன்னொன்று தைத்துக்கொள்வது என் யோசனை. கல்யாணக் கில்ட்டைச் சேற்றில் புரட்ட மனசும் வராது.

நடக்கும்போது பேன்ட்டைவிடக் கில்ட் சௌகரியம் என்பேன். படி உயரமாக இருந்தாலும் முழங்கால் இழுபடாது. ஓடையைத் தாண்டினால் வெறுங்கால் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். தொல்லை முதுகுப்பையால்தான் வரும். அதன் இடுப்புப் பட்டை கில்ட்டின் பக்கிள்மேல் அழுத்தும், பின்கொசுவத்தையும் மேலே தூக்கிவிடும். அதனால் அகலத் தோல் பெல்ட்டை விட்டுவிட்டு, பையை மாட்டியதும் ஒருமுறை பின்னால் இழுத்துச் சரிசெய்யுங்கள். உள்ளே என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: முகட்டில் காற்று பலமாக அடிக்கும். சைக்கிள் ஓட்டுபவர்களின் ஒட்டுக் கால்சட்டை தொடை உரசாமலும் காக்கும், மானத்தையும் காக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உண்ணி. பெரணிப் புதரிலும் ஹெதர் செடியிலும் காத்திருந்து வெறுங்காலில் ஏறும். சிலவற்றில் லைம் நோய்க் கிருமி இருக்கும். காலுறையை முழங்காலுக்குக் கீழே வரை இழுத்துவிடுங்கள், பூச்சி விரட்டித் தைலம் பூசுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை பதிந்த இடம் மூன்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நேர்மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி வைப்பதும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் கழித்துக்கூட, வட்டமாகச் சிவப்பு பரவினால் டாக்டரிடம் போங்கள். கோடையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசுப் படையும் உண்டு. அது கடித்தால் அரிப்போடு போகும்.

பனிக்காலத்தில் உயரமான மலைக்குக் கில்ட் வேண்டாம். மற்ற நாளிலும் பையில் ஒரு மழைப் பேன்ட் இருக்கட்டும். கில்ட்டுக்கு மேல் அது ஏறாது, கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். கழற்றிய கில்ட்டைக் கொசுவம் கலையாமல் நீளவாக்கில் சுருட்டி, பழைய நீளக் காலுறை ஒன்றின் பாதத்தை வெட்டிவிட்டு அதற்குள் நுழைத்தால் பையில் அடங்கிவிடும். சேறு பட்டால் அங்கேயே தேய்க்காதீர்கள். வீட்டில் காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டினால் பொடியாக உதிர்ந்துவிடும்.